கயிறு தொங்காத மாடிகள்

எங்கள் தெருவில் எந்தக் கட்டடத்திலும் லிப்ட் கிடையாது. போட்டாதாங் படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளி, கிடங்குகளுக்குப் பின்னால் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் பழைய மாடிவீடுகள். பத்திரிகைக்காரரும் காய்க்காரியும் நாலு மாடி ஏறி வந்துதான் கதவைத் தட்ட வேண்டும் என்றால் ரங்கூனில் ஒருவரும் வியாபாரம் செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு நைலான் கயிறு தொங்கும். மேல்முனையில் மணி, கீழ்முனையில் கிளிப். கீழே நிற்கிறவர் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். நாம் எட்டிப் பார்த்தால் கிளிப்பில் பையை மாட்டிவிட்டுப் போவார். நாம் இழுத்துக்கொள்வோம்.

மணிக்கு மணி சத்தம் வேறு. எங்கள் வீட்டில் இருப்பது பூஜை மணி. கைப்பிடி உடைந்துபோனதால் சாமி அலமாரியிலிருந்து பால்கனிக்கு மாற்றலாகி வந்தது. எங்களுக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில், மணியே கிடையாது. பால் டின்னுக்குள் ஒரு போல்ட்டைப் போட்டுக் கட்டியிருப்பார்கள். சமையலறையில் இருந்தபடியே எந்த வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் இதை வம்பு என்பார். நான் காது என்பேன். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிறவள் நான். இருபது பேர் சேர்ந்து பாடினாலும் யார் சுருதியை விட்டார் என்று தெரிந்துவிடும். தெரிந்ததோடு சும்மா இருக்க மாட்டேன், அவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். அந்தப் பார்வைக்குப் பயந்தே சிலர் வெள்ளிக்கிழமை வருவதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. பொய் இல்லை.

அந்தக் காதை நம்பித்தான் என் அண்ணன் மகள் எனக்குக் குருவி வேலையைக் கொடுத்தாள்.

அவள் அமெரிக்காவில் இருக்கிறாள். காட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்கிற ஒரு குழுவில் வேலை. இதற்கா இவ்வளவு படிப்பு என்று நான் கேட்டதுண்டு. ஒரு நாள் போனில் கூப்பிட்டு, "அத்தை, ஒரே ஒரு குருவி. அது பாட்டு எங்க எங்க வருதோ அங்க குறி வைக்கணும். கம்ப்யூட்டர் பாதி தப்பாச் சொல்லுது, காது வேணும்" என்றாள்.

"ரங்கூன்ல உக்காந்துகிட்டு அமெரிக்கக் குருவிக்கு ஆஜர் எடுக்கச் சொல்றியா?"

"ஆமா அத்தை."

சரி என்றேன். மகனும் வீட்டுக்காரரும் ஒரு வாரம் என்னைக் குருவி டீச்சர் என்று கூப்பிட்டார்கள்.

குருவி என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். முதுகு வெளிர் நீலம், வயிறு வெள்ளை, கழுத்தில் மெல்லிதாக ஒரு கோடு. அவள் அனுப்பிய படத்தில் பார்த்ததோடு சரி. அங்கே இருக்கிறவர்களே அதைப் பார்ப்பது அபூர்வமாம். பெரிய மரங்களின் உச்சியில்தான் அதன் வாழ்க்கை முழுக்க. ஆகவே கேட்டுத்தான் எண்ண வேண்டும். நான் அதற்கு நீலக் கதிர்க்குருவி என்று பெயர் வைத்துக்கொண்டேன். பாட்டு என்று சொன்னால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நான்கு தடவை தொண்டையைச் செருமி, கொஞ்சம் வேகமெடுத்து, கடைசியில் ஸ்ஸீ என்று மேலே ஏறி நின்றுவிடும். தையல் மிஷினில் நூல் அறுகிற சத்தம். தையல் மிஷின் என்று எனக்குத் தோன்றியதற்கும் காரணம் உண்டு. என் மகன் லைங் தாயாவில் ஒரு துணித் தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்க்கிற வேலையில் இருந்தான்.

வேலை இப்படி. ஒரே காடு, அதே மரங்கள், வருஷா வருஷம் அதே பருவம், விடிகாலையில் ஒலிப்பதிவு. நான் கேட்டு, பாட்டு வந்த இடத்தில் குறி வைப்பேன். ஆண் குருவிதான் பாடும், ஆகவே எண்ணுவதும் ஆணைத்தான். கேட்டு முடித்தும் பாட்டு இல்லை என்றால் பூஜ்யம் போட வேண்டும். மழையோ காற்றோ இரைந்து ஒன்றும் கேட்கவில்லை என்றால் பூஜ்யம் போடக் கூடாது, காலியாக விட வேண்டும். ஆரம்பத்தில் நான் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன். அண்ணன் மகளுக்குக் கோபமே வராது, அன்றைக்கு வந்தது.

"பூஜ்யமும் காலியும் ஒண்ணு இல்ல அத்தை. பூஜ்யம்னா அங்க இல்லன்னு நமக்குத் தெரியும். காலின்னா நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுதிட்டா எல்லாமே போச்சு."

பழைய வருஷங்களின் பதிவுகளைத்தான் முதலில் அனுப்பினாள். ஹெட்போனை மாட்டினால் சந்தைக்கடை. ஒரு பாட்டு முடிவதற்குள் இன்னொன்று, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒன்று. குறி வைத்து வைத்து ஆள்காட்டி விரல் வலித்தது, நானும் திட்டிக்கொண்டே செய்தேன். அப்படியே வருஷம் வருஷமாக முன்னால் வந்தேன். ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சில வருஷம் போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒரு நாள் தற்செயலாக, விரல் வலித்து வெகுநாள் ஆயிற்றே என்று தோன்றியது. முதலில் கேட்ட பதிவைத் தேடி எடுத்து மறுபடியும் கேட்டேன். பிறகு அன்றைய பதிவைக் கேட்டேன். இரண்டும் ஒரே காடு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அண்டை வீட்டு மனிதர்கள் போனதுபோல் இருந்தது.

அண்ணன் மகளைக் கேட்டேன். "ஆமா அத்தை, ரொம்ப வருஷமாவே இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமா. இங்க காடு துண்டு துண்டாப் போச்சு. குளிருக்குத் தெற்கே போய்த் தங்குற மலைக்காடும் குறைஞ்சு போச்சு. இன்னும் என்னென்னவோ. இதுதான்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது."

"அப்புறம் எதுக்கு எண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க அத்தை. அதுக்குத்தான்."

ரங்கூனில் கரண்ட் போனால் யாரும் பேசுவதில்லை. வந்தால்தான் பேச்சு. எத்தனையோ மணி நேரம் இருட்டிலும் புழுக்கத்திலும் கிடந்துவிட்டு, விசிறி சுற்ற ஆரம்பித்ததும் தெரு முழுக்க ஒரே கூச்சல் கிளம்பும். "மீ லாப்யி!" கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். பர்மியர், தமிழர், சீனர் எல்லாரும் அந்த ஒரு வார்த்தையில் ஒன்றுதான். அதிலும் என் மகனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். பால்கனிக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு கத்துவான். எதிர் மாடிப் பையன்கள் பதிலுக்குக் கத்துவார்கள். காது கிழிகிறதடா பிசாசே என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன்.

குருவியின் பழைய பதிவை மறுபடி கேட்ட அதே வாரம், ஒரு சாயங்காலம் கரண்ட் வந்தது. அப்போதுதான் ஹெட்போனைக் கழற்றியிருந்தேன். தெரு கத்தியது. பழக்கதோஷம், காது தானாகக் குரல்களைப் பிரித்தது. குழந்தைகள் இருந்தார்கள். பெண்கள் இருந்தார்கள். மாட்டு மணி கட்டியிருக்கும் எதிர்வீட்டுக் கிழவரின் கரகரத்த குரல்கூட இருந்தது. நடுவில் கனமாக ஒரு சத்தம் வரும் இல்லையா, பையன்களின் சத்தம், அது இல்லை. ஒன்றுகூட இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கரண்ட் போய் மறுபடி வரட்டும் என்று காத்திருந்த ஒரே ஆள் அன்றைக்கு ரங்கூனில் நானாகத்தான் இருப்பேன். மறுநாள் போய் வந்தது. கேட்டேன். இல்லை.

என் மகன் உள் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் ஏன் கத்தவில்லை என்று எனக்குத் தெரியும். கத்தக் கூடாது என்று சொன்னதே நான்தான்.

கட்டாயமாகப் படைக்கு ஆள் எடுக்கிற சட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அவன் வெளியே போவதில்லை. தொழிற்சாலை பஸ்ஸை வழியில் நிறுத்திப் பையன்களை இறக்கிப் பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்த வாரமே வேலையை விட்டான். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் மண்டலேயில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்தோம். அவன் குளியலறைத் தண்ணீர் டிரம்முக்கும் உள் அறைக்கும் நடுவில் வாழ்ந்தான். தும்மல் வந்தால் தலையணையில் தும்முவான். ஊரையே கூட்டுகிற தொண்டை, வீட்டுக்குள் கிசுகிசுவென்று பேசப் பழகியது. சில நாள் அவன் பேசுவது எனக்கே கேட்காது. எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் என்று தெரியாமல் பாத்திரங்களின் மேல் காட்டுவேன். அதற்கும் சத்தம் போடாதேம்மா என்று அவன் கையை ஆட்டுவான்.

கயிற்றை மேலே இழுக்கச் சொன்னதும் அவன்தான்.

"மணி அடிச்சா உசிரே போகுதும்மா. இழுத்துக் கட்டிடு."

நியாயமாகத்தான் பட்டது. மணி இருந்தால் யாராவது அடிப்பார்கள். கயிறு இல்லாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். என் வீட்டுக்காரர் இழுத்துச் சுருட்டி பால்கனி மூலையில் வைத்தார். எங்களுக்கு மட்டும் தோன்றிய புத்தி இல்லை இது. கீழ்வீட்டு டின் சத்தமும் நின்றது. எதிர்க் கட்டடத்தில் இரண்டு மாடிகளில் கயிறு காணாமல் போனது. யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. காய்க்காரி மட்டும் கீழே நின்று மேலே பார்த்துவிட்டு, எல்லாருக்கும் என்ன கேடு என்று முனகிக்கொண்டு போவாள்.

கீழ்வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மியப் பெண், வயதில் எனக்கு இளையவள். கணவர் இல்லை, ஒரே மகன். என்னை அமா என்பாள், அவர்கள் மொழியில் அக்கா. நான் அவளை ஞீமா என்பேன், தங்கை. எங்கள் வீட்டுச் சுண்டல் கீழே போகும், அவள் வீட்டு மொஹிங்கா, மீன் நூடுல்ஸ், மேலே வரும். அவள் மகனும் என் மகனும் ஒரே பள்ளிக்கூடம். அவள் மகன் தன் பெரியப்பா வீட்டில் இருப்பதாக அவள் என்னிடம் சொன்னாள். என் மகன் மண்டலேயில் இருப்பதாக நான் அவளிடம் சொன்னேன். இரண்டு பேரும் மற்றவள் பொய்யை மரியாதையாகக் கேட்டுக்கொண்டோம். அவள் வீட்டுத் தரையில் இரண்டு பேர் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்காதா?

இந்த நேரத்தில்தான் குருவி வேலையில் ஒரு தப்பு செய்தேன். ஒரு மரத்தடிப் பதிவில் நாளுக்கு நாள் பாட்டு குறைந்து, கடைசியில் ஒன்றிரண்டு முனகலோடு நின்றுபோனது. பக்கத்து இடத்தில் ஒரு குருவி மூச்சு விடாமல் பாடிக்கொண்டிருந்தது. இந்த இடம் முடிந்தது, பக்கத்து இடம் பரவாயில்லை என்று குறிப்பு எழுதி அனுப்பினேன். அண்ணன் மகள் உடனே கூப்பிட்டாள்.

"அத்தை, அது தலைகீழா இருக்கும். ஜோடி கிடைச்சுக் கூடு கட்டிட்டா பாட்டு குறைஞ்சிடும். கூட்டுப் பக்கத்துல கத்தினா காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும் இல்ல? ஜோடி கிடைக்காததுதான் நாள் முழுக்கக் கத்தும். நிறையப் பாட்டுக் கேக்குதுன்னு சந்தோஷப்படக் கூடாது. கூடு தேடப் போறவங்க, பாட்டு எங்க நின்னுச்சோ அங்கதான் போய்ப் பார்ப்பாங்க."

சரி சரி என்று போனை வைத்தேன். துணி எடுக்க பால்கனிக்குப் போனேன். பகல் வெளிச்சத்தில் எதிர்க் கட்டடம் முழுசாகத் தெரிந்தது. மாடிக்கு மாடி கயிறுகள் வரிசையாகத் தொங்கின. நடுவில் இரண்டு இடம் வெறுமையாக இருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி, பார்த்த உடனே கண் அங்கேதான் போனது. கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

கயிறு தொங்காத வீட்டில்தான் பையன் இருக்கிறான். அதை நாங்களே தெருவுக்கு எழுதி ஒட்டியிருந்தோம்.

இரண்டு நாள் கழித்து அந்த ஆளைப் பார்த்தேன். பகல் பதினொரு மணி வாக்கில் தெருவின் நடுவில் நின்றிருந்தார். மழையும் இல்லை வெயிலும் இல்லை, கையில் குடை. மாடி மாடியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அவர் கண் போகிற இடத்தையே பார்த்தேன். கயிறு தொங்கிய இடங்களை அவர் கண் சட்டை செய்யாமல் தாண்டியது. இல்லாத இடங்களில் நின்றது. எங்கள் பால்கனியிலும் நின்றது. வாடகைக்கு வீடு தேடுகிறவராக இருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். இருக்கலாம்தான். அவர் முக்குத் திரும்புகிறவரை நான் திரைச்சீலையை விட்டு நகரவில்லை.

அவர் போன பிறகு வீட்டில் சண்டை. கயிற்றை இறக்கப் போகிறேன் என்றேன்.

"உனக்குக் குருவி தலைக்கேறிடுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"என்னங்க, கயிறு இல்லாத வீடுதான் கண்ணுல படுது. நீங்களே போய்க் கீழ நின்னு பாத்துட்டு வாங்க."

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூலையில் சுருட்டி வைத்திருந்த கயிற்றின் சிக்கை எடுக்க உட்கார்ந்தார். மகன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மணி அடிக்குமே, எப்போது அடிக்கும் என்று காத்துக்கொண்டே இருக்க வேண்டுமே என்றான். அவன் பயம் எனக்குப் புரிந்தது. இருந்தாலும் இறக்கினேன். மறுநாள் காலையில் மணி அடித்தபோது அவன் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். வேகவைத்த பட்டாணி விற்கிறவள். திரும்பி வந்து அவன் ஒடுங்கியிருந்த கோலத்தைப் பார்த்தபோது, பெற்றவள் நான் பார்க்க வேண்டிய காட்சியா இது என்று அழுதேன். பட்டாணியை யாரும் சாப்பிடவில்லை.

கீழ்வீட்டுக்கும் போனேன். கதவை ஒரு சாண் திறந்தாள். எப்படிச் சொல்வது? உன் மகன் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும் என்று சொன்னால், அவ்வளவு நாள் காப்பாற்றிய மரியாதை போய்விடும். என் மகன் இருப்பதையும் ஒத்துக்கொண்டதாகும்.

"ஞீமா, உன் கயிறு சிக்கிக்கிட்டுதா? கீழ விடேன். எல்லார் வீட்டுலயும் தொங்கும்போது இது மட்டும் இல்லாம இருக்கே, பார்க்கிறவங்களுக்குத் தனியாத் தெரியுது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். புரிந்துவிட்டது. புரியாமல் இல்லை.

"அமா, அந்த டின் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு நின்னுடும்" என்றாள். "கொஞ்ச நாள் போகட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. இரண்டு வீடும் அடுத்தடுத்து இறக்கினால் அதுவும் கண்ணில் படுமோ என்று ஒரு எண்ணம் எனக்கு ஓடியது. ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் வந்தார்கள். சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். படியில் காலடி கேட்டது. எங்கள் கட்டடத்து மனிதர்கள் ஏறுகிற விதம் எனக்குத் தெரியும். எல்லாரும் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்குவார்கள். இந்தக் கால்கள் நிற்கவில்லை. குழாயை மூடினேன். மகன் அறை வாசலில் வந்து நின்றான், கால்சட்டைப் பையில் கைவிட்டபடி. ஒளியக்கூடப் போகவில்லை. கால்கள் மூன்றாம் மாடியில் நின்றன.

டின் சத்தம் வரவில்லை. அதை இழுக்கத்தான் கயிறே இல்லையே. கதவைத் தட்டுகிற சத்தம். பிறகு அவள் குரல், பெரியப்பா வீட்டில் இருக்கிறான் என்று, பெரிதாக, தெருவுக்கே சொல்கிற மாதிரி. பிறகு ஒரு நாற்காலி விழுந்தது. பிறகு அவள் குரல் பாதி வார்த்தையில் நின்றது. ஒரு இருமல் கேட்டது, சின்ன வயசுக்காரனுடைய இருமல். கால்கள் இறங்கின. நானும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றோம். ஏறி வந்த காலடியைவிட இறங்கிய காலடியில் ஒரு ஆள் கூடுதல். இந்தப் பாழாய்ப்போன காது அதையும் பிரித்துச் சொன்னது.

கீழே போய் அவள் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பட்டாணிக்காரி தெருவுக்குள் வந்த நேரம், பால் டின் கடகடவென்று ஆடியது. கயிற்றை இறக்கி விட்டிருந்தாள். இனி இழுத்துக் கட்டி வைக்க அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

அந்தச் சத்தத்தை என் மகனும் கேட்டான். அன்றைக்கு முழுக்க அவன் சாப்பிடவில்லை. சாயங்காலம், தரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்க மேல வந்திருந்தா நான் போயிருப்பேன். அவன் போயிட்டான். இனிமே அந்த அம்மா தலைக்கு மேல நான் நடக்க முடியாதும்மா" என்றான். நான் எதிர்வாதம் செய்து பார்த்தேன். இது பெரியவர்கள் போட்ட கணக்கு, உனக்கு இதில் என்ன பாவம் என்று என்னென்னவோ சொன்னேன். இந்த விஷயத்தில் அவன் என்னைவிடப் பிடிவாதம்.

காலை நேரத்தில் போனான். தொழிற்சாலைக்குப் போகிறவன்போல் சட்டை, கைலி, கையில் சாப்பாட்டுக் கேரியர். வேலைக்குப் போகும் கூட்டத்தோடு கூட்டமாகப் படகுத்துறைக்கு நடந்து, அக்கரைக்குப் போக வேண்டும். அங்கே ஒருவர் காத்திருப்பார். அதற்குமேல் உனக்குத் தெரியக் கூடாதும்மா என்று அவனே சொல்லிவிட்டான். கேரியரில் எலுமிச்சம் சாதம் வைத்தேன். மூன்றாம் மாடியைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

நான் உள்ளேயே நின்றேன். பால்கனிக்கு வரக் கூடாது என்று பேச்சு. அப்போது மணி அடித்தது. எங்கள் பூஜை மணி, ஒரே ஒரு தரம், மெதுவாக. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அவன் அதற்குள் முக்குத் திரும்பிக்கொண்டிருந்தான், முதுகு மட்டும் தெரிந்தது. கயிற்றை இழுத்தேன். கிளிப்பில் வீட்டுச் சாவியை மாட்டியிருந்தான்.

அந்தச் சாவி இன்னும் சாமி அலமாரியில் இருக்கிறது.

சில நாள் கழித்து வார்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். முறையாகக் கயிற்றை இழுத்து மணி அடித்து, நான் எட்டிப் பார்த்த பிறகு ஏறி வந்தார். குடை கொண்டுவந்தவர் இல்லை, வேறு ஆள். மரியாதையாகப் பேசினார். வீட்டில் எத்தனை பேர் என்றார்.

"ரெண்டு பேர்."

"மகன்?"

"இல்லை."

மாதக்கணக்கில் பொய்யாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. அன்றைக்கு உண்மையாகச் சொல்லும்போதுதான் நாக்கு புரளவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கினார். மூன்றாம் மாடியில் நிற்காமல் போனார்.

இப்போது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கயிறு தொங்குகிறது. எதிர்க் கட்டடத்தின் இரண்டு வெறுமையும் ஒவ்வொன்றாக நிரம்பிவிட்டன. எப்படி நிரம்பின என்று நான் விசாரிக்கவில்லை. ஊரின் வடகோடியில் மிங்கலாடோனிலிருந்து வந்த என் வீட்டுக்காரரின் இன்னொரு தங்கை பால்கனியில் நின்று பார்த்துவிட்டு, "உங்க பக்கம் பரவாயில்லையே அண்ணி, கலகலன்னு இருக்கு. எங்க பக்கமெல்லாம் கயித்தை இழுத்து இழுத்துக் கட்டிட்டாங்க" என்றாள். நான் காபி போடப் போனேன். காலையில் எல்லா மணியும் அடிக்கின்றன. டின்னும் அடிக்கிறது. ஓயாமல் அடிக்கிறது. சில நாள் கீழே யாருமே இல்லாதபோதும் அது அடிக்கிற சத்தம் கேட்கிறது. ஞீமாவே மேலிருந்து கயிற்றை ஆட்டுகிறாள் என்று நினைக்கிறேன். என்னோடு அவள் பேசுவதில்லை. சுண்டல் கொடுத்தனுப்பினேன், பாத்திரம் மூடியைக்கூடத் திறக்காமல் அப்படியே திரும்பி வந்தது.

கரண்ட் போகிறது, வருகிறது. குழந்தைகள் கத்துகிறார்கள்.

குருவி வேலையை விடவில்லை. அண்ணன் மகள் கடைசி வருஷத்துப் பதிவுகளை அனுப்பினாள். முன்பு சந்தைக்கடையாக இரைந்த அதே மரத்தடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். விடியற்காலை, மழை இலையில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதற்கு அடியில் ஏதோ ஒன்று, தொண்டையைச் செருமுவதுபோல். அதுவா, கிளையிலிருந்து சொட்டுகிற தண்ணீரா? மறுபடியும் போட்டேன். மறுபடியும் மழைதான்.

மகன் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. படகேறிய அன்றைக்கு மத்தியானம் அக்கரையிலிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. அதற்குப் பிறகு அந்த நம்பர் போகவில்லை. நானும் வீட்டுக்காரரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. மணி அடிக்கும்போது மட்டும் இரண்டு பேரும் எழுந்திருப்போம். முழங்கால் வலிக்காரர் அவர், எனக்கு முன்னால் பால்கனிக்குப் போய்விடுவார்.

நேற்று அண்ணன் மகள் கூப்பிட்டாள். வேலை விஷயம் பேசினோம். அந்த மரத்தடிக்கு என்ன போட்டீங்க அத்தை என்றாள். ஒண்ணும் போடல, ஒரே மழை என்றேன். சரிதான் என்றாள். பிறகு, "அவன்கிட்டேருந்து ஏதாச்சும் தகவல் உண்டா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கல" என்றேன். அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது தெரிந்தது. அழப் போகிறாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அழாதே. கேக்கலன்னுதான் சொன்னேன். பூஜ்யம் போட்டுடாதே, காலியா விடு."